பழைய படகில் அவுட்போர்டு எஞ்சினை எப்படி மாட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவுட்போர்டு என்பது படகுக்கு வெளியே, பின்புறத்தில் மாட்டும் எஞ்சின். பழைய படகு ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க இறங்கியவர்கள் பலரும் முதலில் எஞ்சினைப் பேசி முடித்துவிடுகிறார்கள். அது வந்து இறங்கிய பிறகுதான் எங்கே, எப்படி மாட்டுவது என்ற கேள்வி வருகிறது. எஞ்சினின் முழு எடையும், அது தள்ளும் விசை முழுவதும், படகின் பின்பலகையில்தான் இறங்குகிறது. டிரான்சம் என்று சொல்வதும் இதைத்தான். அதனால் இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி பின்பலகையைப் பற்றியே இருக்கும்.

எஞ்சினை மாட்ட என்னென்ன வழிகள் இருக்கின்றன?

நான்கு வழிகளைச் சொல்லலாம். சின்ன எஞ்சின் என்றால் அதன் பிராக்கெட்டிலேயே இருக்கும் இரண்டு திருகுப் பிடிகளை இறுக்கிப் பலகையின் மேல் விளிம்பில் மாட்டிவிடலாம். அதைவிடப் பெரியது என்றால் பலகையில் துளையிட்டு போல்ட் போட்டு நேரடியாகப் பொருத்த வேண்டும். மூன்றாவது, பலகைக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஜாக் பிளேட் வைப்பது. இதில் எஞ்சினை ஏற்றி இறக்கலாம், எஞ்சின் சற்றுப் பின்தள்ளியும் உட்காரும். நான்காவது, பலகைக்கு வெளியே பெட்டி போல நீளும் பெரிய பிராக்கெட்.

என்னைக் கேட்டால், வேறு காரணம் எதுவும் இல்லாதவரை இரண்டாவது வழியே போதும். பழைய படகில் இணைப்புகள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது.

எதிலிருந்து தொடங்குவது?

பின்பலகை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதிலிருந்து. பழைய ஃபைபர் படகுகளில் பெரும்பாலானவற்றின் பின்பலகை, இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே ப்ளைவுட் வைத்துச் செய்தது. வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், உள்ளே ப்ளைவுட் கூழாகிப் போயிருக்கும். எங்கேயாவது ஒரு ஸ்க்ரூ துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, பத்து இருபது வருடம் வெளியேற வழியில்லாமல் நின்றிருக்கும்.

முதலில் தட்டிப் பாருங்கள். ஒரு சிறு சுத்தியலின் பிளாஸ்டிக் முனையால் மேலிருந்து கீழே வரிசையாகத் தட்டிக்கொண்டே வரவேண்டும். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கெட்டியாகச் சத்தமிடும். உளுத்த இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும். பழைய எஞ்சின் இன்னும் படகில் இருந்தால், அதைப் பாதி தூக்கிய நிலையில் வைத்து, எஞ்சினிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் காலின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். எஞ்சின் ஆடுவதில் தவறில்லை. கூடவே பலகையும் வளைந்து மூச்சு விடுவது போல அசைந்தால் கதை முடிந்தது.

சந்தேகம் இருந்தால் துளையிட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி. உள்பக்கத்திலிருந்து, கீழ் மூலையில், தண்ணீர் வடிக்கும் அடைப்பானுக்குப் பக்கத்தில் 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். அழுகல் இருந்தால் பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும். வெளித்தோலைத் துளைத்துவிடாதபடி துரப்பணக் கம்பியில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளவும். வெளியே வரும் சீவலை உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். வெளிர்நிறமாக, உலர்ந்து, சுருள் சுருளாக, மரவாசனையோடு வந்தால் நிம்மதி. கறுத்து, ஈர மண் மாதிரிப் பிசுபிசுவென்று, புளித்த வாடையோடு வந்தால் பலகை போய்விட்டது. நான் முதன்முதலில் பார்த்த படகில் சீவலே வரவில்லை. துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒழுகத் தொடங்கி, மறுநாள் காலை வரை சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் படகை விற்றவர் பலகை கல் மாதிரி இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார். நானும் அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டி வாங்கி வந்திருந்தேன்.

துளைகளை எபாக்சியால் (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் ரெசின் பசை) அடைக்க மறக்காதீர்கள்.

போல்ட்டின் வாஷர் பலகைக்குள் பதிந்திருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. வாஷர் ஃபைபரை அமுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியிருக்கிறது என்றால், அதன் பின்னால் தாங்கவேண்டிய மரம் நசுங்கிவிட்டது என்று பொருள். பெரிய வாஷர் போட்டு இன்னும் இறுக்கலாம் என்று தோன்றும். அது கொஞ்ச நாளைக்குத்தான்.

உளுத்த பலகையை மாற்றுவது எப்படி?

உள்பக்கம் திறந்தவெளியாக இருந்தால், உள்தோலை வெட்டியெடுத்து, அழுகிய மரத்தைச் சுரண்டிவிட்டு, வெளித்தோலை அப்படியே விட்டுப் புதிய பலகையை ஒட்டுவது சுலபம். வெளிப்புற வடிவம் கலையாது. பின்பக்கம் மேல்தளத்தோடு சேர்ந்து வார்க்கப்பட்ட படகு என்றால் வெளியிலிருந்து வெட்டுவதே வசதி, ஆனால் பிறகு வெளிப்பூச்சு வேலை கூடும். மூன்றாவதாக, தோல்களை அப்படியே விட்டு நடுவிலிருக்கும் மரத்தை மட்டும் மேலிருந்து சங்கிலி ரம்பத்தால் தோண்டியெடுத்து, ஊற்றினால் இறுகும் ரெசின் கலவையை நிரப்புவதும் உண்டு. வேலை வேகமாக முடியும். மூலைகளில் பழைய மரம் துளி மிச்சமில்லாமல் சுத்தம் செய்தால்தான் அது நிற்கும்.

மரமே போடுவதென்றால் மரைன் ப்ளைவுட் போடுங்கள். 18 மி.மீ. தகடு இரண்டை எபாக்சியால் ஒட்டினால் 36 மி.மீ. வரும், தோல்களையும் சேர்த்தால் 40 மி.மீ.க்குமேல் போகும். உங்கள் எஞ்சினின் பிராக்கெட் ஏற்கும் தடிமனை அதன் கையேட்டில் பார்த்துவிட்டு இதை முடிவு செய்யவும். பாலியெஸ்டர் ரெசின் மரத்தோடு எபாக்சி அளவுக்குப் பிடிப்பதில்லை. காசைச் சேமிக்கவேண்டிய இடம் இது அல்ல. மரமே வேண்டாம் என்பவர்களுக்குக் கண்ணாடி இழை கலந்த அடர்த்தியான ஃபோம் பலகைகள் இருக்கின்றன, அவை அழுகாது. ஆனால் ஃபோம் என்று பெயர் இருப்பதையெல்லாம் போட்டுவிடாதீர்கள். அடர்த்தி குறைந்தது போல்ட்டின் இறுக்கத்திலேயே நசுங்கிவிடும்.

பலகை தனியாக நின்று எதையும் தாங்காது. அது வாங்கும் விசையைப் படகின் பக்கச்சுவருக்கும் அடித்தளத்துக்கும் கடத்தவேண்டும். ஓரங்களில் கெட்டியான எபாக்சியால் வளைவு கொடுத்து, அதன்மேல் ஃபைபர் துணியைப் படிப்படியாக அகலமாக்கி ஒட்டுவது இதற்காகத்தான். படகின் நீளவாட்டு உத்திரங்கள் பலகையில் சேரும் இடத்தில் முக்கோண முட்டுகள் இருந்தால் அவற்றையும் சோதியுங்கள். பல படகுகளில் பலகையோடு அவையும் சேர்ந்தே அழுகியிருக்கும்.

ஷாஃப்ட் நீளத்தை எப்படி அளப்பது?

ஷாஃப்ட் நீளம் என்பது எஞ்சின் காலின் நீளம், அது பலகையின் உயரத்துக்குப் பொருந்தவேண்டும். முதலில் பலகை. பின்பலகையின் மேல் விளிம்பில், எஞ்சின் உட்காரும் நடுப்புள்ளியிலிருந்து, நேர் கீழே படகின் அடிப்பாகம் முடியும் இடம் வரை அளக்கவேண்டும். ‘வி’ வடிவ அடிப்பாகம் என்றால் பக்கவாட்டில் அளந்துவிடாதீர்கள், நடுக்கோட்டில்தான். 15 அங்குலம் சுற்றி வந்தால் ஷார்ட் ஷாஃப்ட், 20 என்றால் லாங், 25 என்றால் எக்ஸ்ட்ரா லாங். 30 அங்குலமும் உண்டு, பெரிய கடல் படகுகளுக்கு. சில மில்லிமீட்டர் முன்னே பின்னே இருப்பது சகஜம். எஞ்சினில் அளக்கும்போது, பிராக்கெட் பலகையின் மேல் உட்காரும் இடத்திலிருந்து புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் அகலமான தட்டு வரை அளக்கவும். பேச்சுவழக்கில் எல்லோரும் அதைக் காவிடேஷன் தட்டு என்கிறார்கள். அது செய்யும் வேலை என்னவோ மேற்பரப்புக் காற்றைப் புரொப்பல்லர் உறிஞ்சிவிடாமல் தடுப்பதுதான்.

என் படகில் 15 அங்குலம், கிடைத்த எஞ்சின் 20 அங்குலம். என்ன செய்யலாம்?

பழைய சிறிய படகுகளில் இது அடிக்கடி வரும் சிக்கல். அப்படியே மாட்டினால் கால் 5 அங்குலம் கூடுதலாகத் தண்ணீருக்குள் இழுபடும். வேகம் குறையும், பின்னால் தண்ணீர் வாரியடிக்கும், ஆழமில்லாத இடத்தில் புரொப்பல்லர் தரை தட்டும்.

பலகையை எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால் 20 அங்குலத்துக்கே உயர்த்திக் கட்டிவிடுங்கள். இதைவிட நல்ல வழி இல்லை, பின்னாலிருந்து வரும் அலை உள்ளே ஏறுவதும் குறையும். பலகை நல்ல நிலையில் இருக்கிறது, தொட மனமில்லை என்றால், உயரத்தைக் கூட்டும் ஜாக் பிளேட் ஒன்று போடலாம். அப்போது எஞ்சின் உயர்ந்துவிடும், பலகையின் வெட்டு மட்டும் தாழ்வாகவே இருக்கும். அலை அந்த வழியாகத்தான் உள்ளே வரும். மேல் விளிம்பில் ஒரு மரக்கட்டையை வைத்து அதன்மேல் எஞ்சினை மாட்டுவதும் நடக்கிறது. மிகச் சிறிய எஞ்சினுக்குக்கூட எனக்கு அதில் சம்மதமில்லை. திருகுப் பிடியின் பிடிமானம் முழுவதும் அந்தத் துண்டில் மட்டும்தான் இருக்கும்.

புதிய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் எடையைப் படகு தாங்குமா?

அந்தக் காலப் படகுகள் டூ ஸ்ட்ரோக் எஞ்சினை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. அதே குதிரைத்திறனுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் பொதுவாக அதைவிடக் கனமானது. உடைவதைப் பற்றி மட்டும் யோசிக்காதீர்கள். படகு தண்ணீரில் எப்படி உட்காரும் என்பதும் இருக்கிறது. பின்பக்கம் அமிழ்ந்தால், தளத்திலிருந்து தண்ணீர் வெளியேறும் துளைகள் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். வெளியேறவேண்டிய தண்ணீர் அதே வழியாக உள்ளே வரும்.

இதைக் காகிதத்தில் கணக்குப் போடுவதைவிட நேரில் பார்த்துவிடலாம். பழைய எஞ்சின் 110 கிலோ, வாங்க நினைப்பது 160 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 50 கிலோ. பழைய எஞ்சினோடு படகைத் தண்ணீரில் இறக்கி, 20 லிட்டர் கேன்கள் இரண்டை நிரப்பி, மூன்றாவதில் பாதி ஊற்றி, பலகையை ஒட்டி உள்பக்கம் வையுங்கள். எரிபொருள் தொட்டி நிரம்பியிருக்கட்டும், பின்னிருக்கையில் இரண்டு பேர் உட்காரட்டும். நீர்மட்டம் எங்கே வருகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். எஞ்சின் பலகைக்கு வெளியே தொங்குவதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அமிழும். அதனால் பாதிக் கேனை முழுதாக நிரப்பியே பாருங்கள். எஞ்சின் இல்லாத படகு என்றால் முழு எடைக்கும் கேன் வைக்கவேண்டியதுதான். அரைநாள் வேலை, செலவு இல்லை. எஞ்சின் வாங்குவதற்கு முன்னால் செய்யவேண்டியது.

அமிழ்வது சமாளிக்கக்கூடிய அளவு என்றால் பேட்டரியையும் எரிபொருள் தொட்டியையும் முன்னே நகர்த்தி ஓரளவு சரிக்கட்டலாம்.

படகில் ஒட்டியிருந்த திறன் தகடு காணவில்லை. எத்தனை குதிரைத்திறன் வரை போகலாம்?

அதே மாடல் படகின் பழைய விவர ஏட்டைத் தேடிப் பிடிப்பதே முதல் வேலை. அதில் உச்சக் குதிரைத்திறனும், ஏற்றக்கூடிய எடையும் இருக்கும். பலகையைப் புதிதாக, முன்னைவிடக் கெட்டியாகக் கட்டிவிட்டோம், அதனால் இன்னும் பெரிய எஞ்சின் போடலாம் என்று நினைக்கவேண்டாம். அந்த எண் பலகையின் பலத்தை மட்டும் வைத்து வந்ததில்லை. அந்த வேகத்தில் படகு கட்டுக்குள் நிற்குமா என்பதும் அதில் அடக்கம்.

திருகுப் பிடி போதுமா, போல்ட் போடவேண்டுமா?

கையால் தூக்கி மாட்டிக் கழற்றும் எஞ்சினுக்குத் திருகுப் பிடி போதும். ஓட்டத்தில் அது தளரும் என்பதால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் இறுக்கிப் பார்க்கவேண்டும். ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் கட்டிவைக்கவும். தயாரிப்பாளர் பிராக்கெட்டில் போல்ட் துளை கொடுத்திருந்தால் அது அலங்காரத்துக்கு அல்ல, போட்டுவிடுங்கள்.

போல்ட் துளைகளை எப்படிப் போடுவது?

இதில் கொஞ்சம் நிதானம் தேவை. பலகை அழுகுவதற்குத் தொடக்கப்புள்ளி பெரும்பாலும் இந்தத் துளைகள்தான்.

நடுத்தர, பெரிய எஞ்சின்களில் பரவலாக இருக்கும் அமைப்பு இது: மேல் துளைகள் இரண்டுக்கும் இடைவெளி 12⅞ அங்குலம், அதாவது 327 மி.மீ.; கீழ்த்துளைகளுக்கு இடைவெளி 9⅞ அங்குலம், 251 மி.மீ.; மேலுக்கும் கீழுக்கும் 8 அங்குலம், 203 மி.மீ. போல்ட் அரை அங்குலம். சின்ன எஞ்சின்களிலும் மிகப் பழையவற்றிலும் இது மாறும், ஆகவே கையிலிருக்கும் எஞ்சினை அளக்காமல் துரப்பணத்தைத் தொடாதீர்கள். பழைய எஞ்சினின் துளை புதியதற்குச் சரியாகப் பொருந்தாமல் அரை அங்குலம் தள்ளியிருந்தால், துளையை அகலப்படுத்தி ஒப்பேற்றாதீர்கள். முழுதாக அடைத்துவிட்டுப் புதிதாகப் போடவும்.

துளை போடும் முறை: அரை அங்குல போல்ட்டுக்கு நேரடியாக 13 மி.மீ. துளை போடாமல், முதலில் 19 அல்லது 20 மி.மீ. அளவில் போடுங்கள். உள்ளே தெரியும் மரத்தில் பொடி கலக்காத எபாக்சியைத் தூரிகையால் ஊறவிட்டு, ஒரு பக்கம் டேப் ஒட்டி, பொடி கலந்து கெட்டியாக்கிய எபாக்சியால் அடைக்கவும். இறுகிய பிறகு அதன் நடுவில் 13 மி.மீ. துளை போட்டால், போல்ட்டைச் சுற்றி 3 மி.மீ. தடிமனில் எபாக்சி வளையம் நிற்கும். பிற்பாடு சீலண்ட், அதாவது தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை, தோற்றாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. துரப்பணம் சாயாமல் இருக்க, தடித்த மரத்துண்டில் செங்குத்தாகத் துளையிட்டு அதை வழிகாட்டியாகப் பலகையில் பிடித்துக்கொள்ளலாம்.

அப்புறம் சீலண்ட். 3எம் 5200 போன்ற நிரந்தரப் பசையைப் பலர் அள்ளிப் பூசுகிறார்கள். தண்ணீர் வராதுதான், எஞ்சினும் வராது. கழற்றவேண்டிய நாள் வரும்போது பலகையின் தோலையும் உரித்துக்கொண்டு வரும். கடல் உபயோகத்துக்கான, கழற்றக்கூடிய ரகம் ஒன்றைப் போல்ட்டைச் சுற்றியும் துளையின் வாயிலும் பூசினால் போதும். போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் உராய்ந்து இறுகிக்கொள்ளும் குணம் உண்டு, மரையில் அதற்கான கிரீஸைத் தடவவும்.

உள்பக்கம் வெறும் வாஷர் மட்டும் போடாமல், இரண்டு மேல் போல்ட்டுகளையும் சேர்த்துப் பிடிக்கும் அலுமினியப் பட்டை ஒன்று போடுவது என் வழக்கம். காரணம் இருக்கிறது. புரொப்பல்லர் கீழே இருந்து படகை முன்னே தள்ளும்போது, பிராக்கெட்டின் அடிப்பகுதி பலகையில் அழுந்துகிறது, மேல்பகுதி பலகையை விட்டு விலகப் பார்க்கிறது. எஞ்சினின் எடை பின்னால் தொங்குவதும் அதே திசையில்தான் இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து மேல் போல்ட்டுகள்மேல்தான் விழுகின்றன.

ஜாக் பிளேட் போட்டால் வேகம் கூடும் என்கிறார்களே?

கூடலாம். படகின் அடியிலிருந்து வெளிவரும் தண்ணீர் பலகைக்குப் பின்னால் சற்று மேலெழும்புகிறது. எஞ்சினைப் பின்தள்ளினால் அதை உயர்த்தியும் வைக்கலாம். 8 முதல் 10 அங்குலம் பின்தள்ளினால் ஏறத்தாழ 1 அங்குலம் உயர்த்தலாம் என்பது நடைமுறைக் கணக்கு. கால் குறைவாக மூழ்குவதால் இழுவை குறைகிறது. ஆழமில்லாத நீரில் ஓட்டுபவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும்.

ஆனால் நெம்புகோல் கணக்கை மறக்கக்கூடாது. எஞ்சினின் எடை மையம் பலகையிலிருந்து 25 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இன்னொரு 25 செ.மீ. தள்ளும் ஜாக் பிளேட் போட்டவுடன் பலகைமேல் விழும் திருகல் இரட்டிப்பாகிறது. பிளேட்டின் சொந்த எடை வேறு. கிளம்பும்போது அணியம், அதாவது படகின் முன்முனை, வானத்தைப் பார்க்கும். நாற்பது வருடப் பலகையை மாற்றாமல் இதைச் செய்யாதீர்கள்.

உள்ளே இருந்த பழைய எஞ்சினை எடுத்துவிட்டு, வெளியே பிராக்கெட் வைத்து அவுட்போர்டு மாட்டலாமா?

ஸ்டெர்ன்டிரைவ் படகுகளில், அதாவது எஞ்சின் உள்ளேயும் புரொப்பல்லர் கால் பலகைக்கு வெளியேயும் உள்ளவற்றில், நிறையப் பேர் செய்கிறார்கள். உள்ளே நல்ல இடம் மிச்சமாகும். பலகையில் இருந்த பெரிய ஓட்டையை அதே தடிமனில், ஓரங்களைச் சரிவாகச் சீவி, ஃபைபர் போட்டு அடைக்கவேண்டும். சரிவின் நீளம் தடிமனைப்போல 12 மடங்கு என்பது வழக்கமான அளவு. படகுக்குள் இருந்த எடை இப்போது பலகைக்கு வெளியே போய்விடுவதால், மிதக்கும் பெட்டி சேர்ந்த பிராக்கெட்டே நல்லது. பெட்டி எத்தனை லிட்டர் தண்ணீரை விலக்குகிறதோ ஏறத்தாழ அத்தனை கிலோவைத் தாங்கும். வெறும் குழாய்ச் சட்டம் எதையும் மிதக்கவைக்காது. கேன் சோதனையை இங்கே கட்டாயம் செய்யுங்கள்.

என் பலகை கிட்டத்தட்ட செங்குத்தாக இருக்கிறது. பிரச்சினையா?

பெரும்பாலான எஞ்சின்கள் 12 முதல் 15 டிகிரி சாய்ந்த பலகைக்காகச் செய்யப்பட்டவை. செங்குத்துப் பலகையில் கால் போதுமான அளவு உள்ளே மடங்காது. கிளம்பும்போது அணியம் தூக்கும், ஓட்டத்தில் படகு குதித்துக் குதித்துப் போகும். தடித்த பக்கம் மேலே வரும்படி ஒரு ஆப்பு வைத்தால் தீரும்.

அலுமினியப் படகுக்கு வேறு கவனம் ஏதும் உண்டா?

முக்கியமாக ஒன்று. அழுகாத மரம் வேண்டும் என்று ரசாயனம் ஏற்றிய ப்ளைவுட்டைப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்திலும் பிரிக்கும் பசை தேவை.

எஞ்சின் பொருந்தும் என்று தெரிந்துவிட்டது. வேறு எதில் இடிக்கும்?

தூக்கும்போது இடிக்கும். பழைய படகுகளில் எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் தொட்டி போன்ற பள்ளம், அந்தக் கால ஒல்லியான எஞ்சினுக்காக வார்த்தது. இன்றைய எஞ்சினின் மூடி முன்பக்கமாகச் சாயும்போது அதன் விளிம்பில் மோதும். தயாரிப்பாளரின் வரைபடத்தைப் பார்த்து அட்டையில் பக்கவாட்டு உருவத்தை வெட்டி, பலகையில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். ஸ்டீயரிங் கேபிள் எஞ்சினின் சாய்வுக்குழாய் வழியாகப் போவதென்றால், அதை உருவி எடுக்கப் பக்கவாட்டில் இடம் இருக்கிறதா என்றும் பார்க்கவும். ஜாக் பிளேட்டோ பிராக்கெட்டோ போட்டால் கேபிள், எரிபொருள் குழாய், வயர்கள் எல்லாம் நீளம் பற்றாமல் போகும்.

பாய்மரப் படகில் துணை எஞ்சின் வைக்க?

ஏற்றி இறக்கும் பிராக்கெட் வேண்டும். அலையில் பின்பக்கம் தூக்கும்போது புரொப்பல்லர் காற்றில் சுற்றாதிருக்க நீள ஷாஃப்ட் நல்லது. பிராக்கெட்டுக்கு எடை, குதிரைத்திறன் என இரண்டு வரம்புகள் இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

சரியான உயரத்தில்தான் மாட்டியிருக்கிறேனா?

தொடக்கத்தில் காவிடேஷன் தட்டு படகின் அடிப்பாகத்தோடு சமமாக, அல்லது அதிகபட்சம் 1 அங்குலம் மேலே இருக்கட்டும். பிராக்கெட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் துளைகள் பொதுவாக முக்கால் அங்குல இடைவெளியில் இருக்கும். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். படகு தண்ணீர்மேல் எழும்பி ஓடும்போது வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் எட்டிப் பாருங்கள். தட்டு நீர்ப்பரப்பை உரசினாற்போல் போகவேண்டும். திருப்பத்தில் எஞ்சின் திடீரென்று கத்தி, தள்ளும் சக்தி இல்லாமல் போனால் உயரம் அதிகம். தண்ணீர் வாரியடித்து ஸ்டீயரிங் கனத்தால் தாழ்வு. உயர்த்தும்போதெல்லாம் குளிர்விக்கும் தண்ணீர் ஒழுங்காக வெளியே பீய்ச்சுகிறதா என்பதில் ஒரு கண் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்தது. மறுபடி இறுக்கவேண்டுமா?

தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்கிய பிறகு, நட்டிலிருந்து வாஷர் வழியாகப் பட்டை வரை மார்க்கர் பேனாவால் ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று ஓட்டங்களுக்குப் பிறகு ரெஞ்ச் வைத்துப் பார்க்கவும். முதல்முறை நட்டு சிறிது திரும்பினால் பொருட்கள் ஒன்றோடொன்று படிந்திருக்கின்றன என்று விட்டுவிடலாம். புதிதாகக் கோடு போடுங்கள். அடுத்த முறையும், அதற்கடுத்த முறையும் அது திரும்பிக்கொண்டே இருந்தால் உள்ளே மரம் நசுங்கிக்கொண்டிருக்கிறது. எஞ்சினை இறக்கிவிட்டு அந்த 5 மி.மீ. துளையை மறுபடி போட்டுப் பார்க்கவேண்டும்.